கட்டுரையையும் ஒருமுறை அடுக்குப் பாருங்கள்

இணையக் கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் நீங்கள் முதற்பக்கத்தில் போட்ட அண்ணாவியாரின், அதாவது கூத்துப் பழக்கும் ஆசானின், வாழ்க்கை வரலாறு எது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திருத்தச் சொல்லி நாங்கள் பட்ட பாடும் தெரியும். அவரிடம் மத்தளம் பழகியவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கட்டுரையில் அவர் இறந்த ஆண்டு என்று ஒன்று இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார்.

அன்று பின்னேரமே யாரோ முகநூலில் அஞ்சலி போட்டுவிட்டார்கள். சுவிஸில் இருக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டு, இங்கே நடுச்சாமம் என்றும் பாராமல் போன் எடுத்திருக்கிறா. எடுத்துக் கதைத்தது அண்ணாவியாரேதான். அப்பாவின் குரலைக் கேட்டதும் அந்தப் பிள்ளைக்குக் கதைக்க வரவில்லை, அழுகைதான் வந்தது. "மனே, நான் இருக்கன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஆரடா தம்பி எழுதின?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

உடனே அந்த வரியை அழித்தேன். அரை மணித்தியாலத்தில் பழையபடி வந்துவிட்டது. ஆதாரம் இல்லாமல் நீக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மனிதர் தன் வீட்டு விறாந்தையில் இருந்து வெற்றிலை போடுகிறார், அவர் இருப்பதற்கு நாங்கள் ஆதாரம் தேட வேண்டும். ஓய்வூதியம் எடுப்பவராக இருந்தால் உயிர்வாழ் சான்றிதழாவது இருந்திருக்கும். அவர் வயல் செய்தவர். நான்கு நாள் கழித்துத்தான் அந்த வரி போனது.

இவ்வளவுக்கும் அடிக்குறிப்பில் ஒரு நினைவு மலரின் பெயர் இருந்தது. அது அதே பெயருள்ள வேறொரு அண்ணாவியாரின் 31ஆம் நாள் மலர். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை ஆள் அவர். முதல் பக்கத்தில் படமே இருக்கிறது, திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கட்டுரையைப் பார்த்தவர் அடிக்குறிப்புக்கு இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், மலரைப் பார்க்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒரு புதிய வாழ்க்கை வரலாறு முதற்பக்கத்துக்கு ஏறும் முன், எழுதியவர் அல்லாத ஒருவர் ஆதாரத்தைத் திறந்து வாசிக்க வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் வரும் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதிக்கு ஒரு புதிய கட்டுரையை எழுதி 7 நாளுக்குள் முன்மொழிய வேண்டும், குறைந்தது 1500 எழுத்து இருக்க வேண்டும், முதற்பக்கத்துக்குப் போகும் அந்த ஒற்றை வரிக்குச் சான்று வேண்டும், வேறொருவர் பார்த்து ஒப்ப வேண்டும். நாளையும் எழுத்தையும் எண்ணுவது இலேசு. சான்றை வாசிப்பதுதான் வேலை. 2005 இல் அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்ட பொய் ஒன்று அங்கே மாதக்கணக்கில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கென்று தனிக் கொள்கை வந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுத்து, கிழமைக்குக் கிழமை பழகும் கிழமைக்கூத்து ஆடி, சதங்கை அணிந்தாலும் உடனே களரிக்கு, அதாவது கூத்து மேடைக்கு, ஏற விடமாட்டார்கள். அடுக்குப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் இருந்து முழுக்கூத்தையும் பார்ப்பார்கள். தாளம் பிசகினால் அங்கேயே சொல்வார்கள். அதன் பிறகுதான் அரங்கேற்றம். நீங்கள் அடுக்குப் பார்க்காமல் அரங்கேற்றிவிட்டீர்கள்.

கட்டுரையில் இன்னும் பிழை இருக்கிறது. எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. கட்டுரை அவரைத் தென்மோடி அண்ணாவியார் என்கிறது. வடமோடி அரசர்களுக்குரிய கரப்புடுப்பு என்ற உடுப்பைக் கட்டித் தருமராக ஆடிய வடமோடிக்காரர் அவர். இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் யுத்தமும் வெள்ளமும்தான் முதலில் வருகிறது. கலைஞர்களைப் பற்றி இருப்பதெல்லாம் விழா மலர்களும் கையால் எழுதிய கூத்துக் கொப்பிகளும். அதிலும் 1978 நவம்பர் சூறாவளியில் போனது பாதி, 2004 சுனாமியில் போனது மீதி. மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் வாசிக்காமல் எழுதினால், நாளைக்கு உங்கள் கட்டுரையையே ஆதாரமாகக் காட்டி இன்னொருவர் எழுதுவார்.

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சம்பளம் இல்லாமல், தூக்கம் முழித்துச் செய்கிறீர்கள் என்பது தெரியும். அதனால்தான் கேட்கிறேன். உயிரோடு இருப்பவரின் வாழ்க்கை வரலாறு என்றால், திகதிகளையாவது ஒருவர் ஆதாரத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் தயவுசெய்து முதற்பக்கத்தில் ஏற்றாதீர்கள். அச்சு நூல் கைக்குக் கிடைக்காவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். இந்தப் பக்கத்து மலர் என்றால் நானே தேடிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அண்ணாவியாரின் கட்டுரையைத் திருத்தி, இன்னொரு நாள் அதே முதற்பக்கத்தில் போடுங்கள். அவருக்கு இப்போது சின்ன எழுத்துத் தெரிவதில்லை. போட்டதும் சொன்னால், நான் போய் வாசித்துக் காட்டுவேன்.