கண்டி ஏரியும் கண்டி மகாலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே வேலூரில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவள் கேட்பதில்லை. வெயில் இப்போதே தலையைப் பிளக்கிறது. மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது, கால் கிலோ வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு வார்த்தை சொன்னாய். "நானா கேட்டு வந்த ஊர் இல்லப்பா இது." கம்பெனி கண்டிக்கு அனுப்பியது, மறுத்தால் வேலை போய்விடும், அதனால் வந்தேன் என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் இல்லை. நீ கொழும்பு மியூசியத்தில் எடுத்து அனுப்பியிருந்தாயே, தங்கச் சிம்மாசனம், அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் இவ்வளவும் பேச முடியாது.

அந்தச் சிம்மாசனத்தில் கடைசியாக உட்கார்ந்து ஆண்டவர் நம் ஊரில்தான் இருக்கிறார் பாப்பா. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று இருக்கிறதே, அது அவருடைய சமாதி. கண்டியின் கடைசி ராஜா, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவர்.

எனக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் தெரிந்ததில்லை. டவுன் பஸ்ஸில் விசில் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் மத்தியானம் ஒரு பெரியவர் ஏறினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தமிழ் தெரியவில்லை. ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார், 'முத்து மண்டபம்' என்று தமிழில் எழுதியிருந்தது. டூட்டி முடிகிற நேரம், அதனால் நானே கூட்டிப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சமாதிக்கு முன்னால் கோயிலில் விழுவதுபோல் விழுந்து கும்பிட்டார். எழுந்து என்னைப் பார்த்து, "அவர் கிங்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'அவர்' போலிருக்கிறது. இத்தனை வருஷம் அந்த வழியாகப் போய்வந்தும் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

1798-இல், 18 வயதில் பட்டத்துக்கு வந்தார். நீ சாயங்காலம் நடக்கிற கண்டி ஏரி அவர் வெட்டியது. 1812-இல் முடிந்தது. ஏரியைச் சுற்றி மேகம் மேகமாக வளைந்த சுவர் போகும், அதில் முக்கோணமாக ஓட்டைகள் இருக்கும், கவனித்திருப்பாய். விளக்கு வைப்பதற்காக விட்டவை. அந்தச் சுவர் முழுதாக முடியவே இல்லை. அதற்குள் ஆட்சி போய்விட்டது.

அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. தன் மந்திரி எஹெலபொல வெள்ளைக்காரன் பக்கம் போனதற்கு, 1814-இல் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்தார். அது நடந்த விதத்தை நான் இங்கே எழுத மாட்டேன், கை வரவில்லை. கண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜனங்களும் பிரதானிகளும் வெறுத்துப்போனார்கள். 1815 பிப்ரவரி 18-ஆம் தேதி மலைக்குள் ஒளிந்திருந்தவரைப் பிடித்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி கண்டியின் பிரதானிகளே கையெழுத்துப் போட்டு நாட்டை இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் ராணிகளோடு 'கார்ன்வாலிஸ்' என்கிற கப்பலில் ஏற்றி, சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூர்க் கோட்டை.

காட்டிக்கொடுத்த எஹெலபொலவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? வெள்ளைக்காரனுக்கு அவன்மேலும் சந்தேகம் வந்து, 1825-இல் மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தினான். 1829-இல் அங்கேயே செத்தான். அவர் இங்கே, இவன் அங்கே. இரண்டு பேருமே திரும்பிக் கண்டியைப் பார்க்கவில்லை.

ராஜா நம் கோட்டையில் 16 வருஷம் இருந்தார். கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டிடம் உண்டு. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வேலையாகக் கோட்டைக்குள் இருக்கிற ஆபீசுக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? வெளியே காக்கவைத்தார்கள், நீ அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாய். ராஜாவும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்திருப்பார். ஒரு ஏரியை வெட்டின மனிதர். 1832 ஜனவரி 30-ஆம் தேதி, 52 வயதில், உடம்பில் நீர் கோத்து இறந்துபோனார். பாலாற்றங்கரையில் வைத்தார்கள். அந்த மண்டபம் நம் அரசாங்கம் 1990-இல் கட்டியது. சிம்மாசனம் அதற்கு முன்பே, 1934-லேயே, இங்கிலாந்தின் விண்ட்ஸர் அரண்மனையிலிருந்து இலங்கைக்கு வந்துவிட்டது. உங்கள் ஆபீஸ் வாசலில் பறக்கிற கொடியில் இருக்கிற சிங்கம்கூட அவர் கொடியில் இருந்த சிங்கம்தான். நாற்காலி வீட்டுக்குத் திரும்பிவிட்டது, சிங்கமும் திரும்பிவிட்டது. அவர் மட்டும் இங்கே.

இந்தக் கோட்டைக்குக் கேட்டு வந்தவர்கள் குறைவு. ராஜா வருவதற்கு முன்னால் திப்பு சுல்தானின் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் அங்கே இருந்தார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கொண்டுவந்து வைத்தது. 1806 ஜூலை 9-ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள்ளே கல்யாணம். மறுநாள் விடியும் முன்பே துப்பாக்கிச் சத்தம், வேலூர்ச் சிப்பாய்க் கலவரம். நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தொப்பி போட வேண்டும் என்று போட்ட உத்தரவுதான் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நீ படித்திருப்பாய்.

அந்தக் கதையில் இன்னொரு ஆள் உண்டு. முஸ்தபா பேக். அவனும் சிப்பாய்தான். சில வாரம் முன்பே அதிகாரியிடம் போய், இப்படி ஒன்று நடக்கப் போகிறது என்று சொன்னான். அதிகாரி விசாரிக்கச் சொன்னது யாரை? அங்கிருந்த நம் ஆட்களான அதிகாரிகளை. அவர்களுக்கும் அந்தத் திட்டம் தெரியும். இவன் பைத்தியம் என்று சொல்லிக் காவலில் போட்டுவிட்டார்கள். கலவரத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரன் அவனைத் தேடிப் பிடித்து, பரிசும் சுபேதார் பென்ஷனும் கொடுத்தான். கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று கோபம் வருகிறது. அதே சமயம், உண்மையைச் சொல்லிப் பைத்தியம் என்று பேர் வாங்கி உள்ளே கிடந்தானே, அந்த நாட்களை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. எனக்கு இன்னும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

அன்றைக்குக் காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்கிற அதிகாரி குதிரைப் படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டான். நூற்றுக்கணக்கில் நம் சிப்பாய்கள் செத்தார்கள். சுவரோடு நிற்கவைத்துச் சுட்டதும் உண்டு. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அதாவது, இந்த ஊரும் அவர்களுக்கு நிலைக்கவில்லை.

சரி, இதெல்லாம் சிறை வைத்த கதை, உன்னை யாரும் சிறை வைக்கவில்லை என்று நினைப்பாய். அப்படியானால் ஐடா ஸ்கடர் கதையைக் கேள். நீ பிறந்ததே அவர் ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான், அதனால் உனக்குச் சொந்தம் மாதிரி. அவர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா டாக்டர், பாதிரியார். அமெரிக்காவில் படிப்பை முடித்தார். இந்தியாவுக்குத் திரும்பவே கூடாது என்று இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தார், திண்டிவனத்துக்கு. ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, மனைவிக்குப் பிரசவம் கஷ்டம் என்று வந்து கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். விடிந்து விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அப்புறம் திரும்பி அமெரிக்கா போய், 1899-இல் டாக்டராகி, 1900-இல் வேலூருக்கு வந்தார். முதலில் வீட்டிலேயே ஒரு சின்ன அறை. 1902-இல் ஆஸ்பத்திரி. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. நம் பக்கத்து ஜனங்களுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் தெரியும். பாப்பா, நான் அடிக்கடி நினைப்பது அந்தப் பெரிய கட்டிடங்களை இல்லை. அந்த மூன்று ஆண்கள் இருட்டில் லாந்தர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்களே, அதைத்தான்.

இந்த வரிசையில் சேராதவர் ஒருவர் இருக்கிறார். ஆரணிப் பக்கம் அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர், 400 வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்த பெரிய சைவ பண்டிதர். வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கன் அவருக்குப் பொன்னால் அபிஷேகம் செய்தான். அவருக்கு ஒரு சந்தேகம் வந்ததாம். புத்தி தெளிவாக இருக்கும்போது சிவனை நினைக்கிறேன், புத்தி கெட்டால் என்ன நினைப்பேன்? ஊமத்தையைச் சாப்பிட்டார். பைத்தியம் பிடித்து நான் உளறுவதை ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று சீடர்களிடம் சொல்லிவைத்தார். தெளிந்தபின் பார்த்தால், அத்தனையும் சிவன்மேல் சுலோகம், 50. ஆத்மார்ப்பண ஸ்துதி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பைத்தியத்துக்குள் தானாகவே நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தவர். இதை யார் சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி பாப்பா, நீளமாகப் போய்விட்டது. உன்னைச் சமாதானப்படுத்த எழுத ஆரம்பித்தேன், எழுத எழுத எனக்கே மனசு கொஞ்சம் லேசானது. அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் விட்டுவிட்டு வந்துவிடு. வேலை இங்கே ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ கிடைக்காமலா போகும்? இருக்க முடிகிறது என்றால் இரு. எது ஆனாலும் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன். நீ ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதே.

ஒரு உதவி செய். நாளைக்குச் சாயங்காலம் நடக்கப் போகும்போது அந்த ஏரியைப் படம் எடு. அந்த வளைந்த சுவரும் தண்ணீரும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடு, நடுவில் அந்தக் குட்டித் தீவும் வரட்டும். எனக்கு அனுப்பு. வெயில் தாழ்ந்ததும் முத்து மண்டபத்துக்குப் போய், அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா