அது தேவதாரு அல்ல, ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில், கொழும்பு வீட்டு முற்றமொன்றில் நிற்கும் நெட்டை மரத்தின் படத்தைப் போட்டு, 'தலைநகரில் இமயமலைத் தேவதாரு' என்று எழுதியிருந்தீர்கள். தேவதாரு மேற்கு இமயமலையில், 1,500 மீற்றருக்கு மேலே, குளிரில் வளரும் மரம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது அப்படிச் செழிக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

படத்தில் இருப்பது நோர்போக் தீவு பைன். நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே, பசிபிக் கடலில் கிடக்கும் சுமார் 35 சதுர கிலோமீற்றர் தீவுதான் அதன் சொந்த ஊர். அந்தத் தீவின் கொடியிலும் இந்த மரமே இருக்கிறது. 1774இல் அங்கே இறங்கிய கப்டன் குக், பாய்மரக் கம்பத்துக்கு ஆகும் என்று இதைத்தான் நினைத்தார்.

அடையாளம் காண்பதும் கஷ்டமில்லை. தண்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஐந்தாறு கிளை, பிறகு ஒரு வெளி, மறுபடி அடுத்த சுற்று. கீழே விழுந்த குச்சியை எடுத்துப் பாருங்கள். உள்நோக்கி வளைந்த சின்ன இலைகள் மூடி, கயிறு மாதிரி இருக்கும். தேவதாருவின் ஊசிகளோ குட்டைக் கிளைகளில் கொத்துக் கொத்தாக நிற்கும். உயர்தர வகுப்பில் நோர்போக் தீவு பைனின் (தாவரவியலில் அரோகேரியா) குச்சியையும் மலையகத்துப் பைனஸ் கிளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பித்தேன். ஒரு பிள்ளையும் மாறிச் சொன்னதில்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொருமுறை மலையகப் பைனஸ் தோட்டத்தை 'ஆதிக் காடு' என்று போட்டீர்கள். வரிசை பிடித்து நட்ட கரிபியன் பைன் அது. மத்திய அமெரிக்காவிலும் கியூபாவிலும் இருந்து வந்த இனம். இலங்கையில் தானாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. பைனஸ் வந்த பிறகு ஊற்று வற்றிவிட்டது என்று முறையிடுகிற தோட்டத்துச் சனம் அந்த வரியை வாசித்தால் மனம் என்ன பாடுபடும்? அப்போதும் எழுதினேன். கடிதம் பிரசுரமாகவில்லை, ஒரு பதிலும் வரவில்லை.

இப்போது என் பேத்தி அந்தத் தேவதாருப் படத்தை வெட்டி ஒப்படைக் கொப்பியில் ஒட்டிவிட்டாள். "பேப்பரில் வந்ததுதானே அம்மம்மா" என்கிறாள். உங்கள் பத்திரிகையை நம்பச் சொல்லி வளர்த்தவள் நான். அவளுக்கு என்ன பதில் சொல்ல?

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மரத்தின் பெயரும் அதன் தாயகமும் இருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
வெள்ளவத்தை.