அத்தையின் நினைவு நிகழ்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ஆட்டம், நாடகம் என்றே வாழ்ந்த அத்தையின் நினைவு நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. அத்தையாக இருந்தால் மறுநாள் காலைக்குள் எல்லா நன்றிக் கடிதங்களையும் தபாலில் சேர்த்திருப்பார். அந்த விஷயத்தில் நான் அவர் வளர்த்த பிள்ளை இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆறரைக்குத் தொடங்க வேண்டியதை ஏழு நிமிடம் தாமதமாகத் தொடங்கினோம். முன்வரிசையில் இருந்த அத்தையின் பழைய மாணவிகள் இருவர் ஒரே சமயத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைத் திரையோரம் நின்று பார்த்தேன்.

நன்றி சொல்லும்போது அத்தை திரை இழுப்பவரில் தொடங்கி, தலைமை விருந்தினரில் முடிப்பார். அதில் முகம் சுளித்த தலைமை விருந்தினர்களும் உண்டு. நானும் அதே வரிசையில் போகிறேன்.

முதலில், மேடைக்குப் பலகை போட்ட தச்சர்கள் இருவருக்கும். அந்த அரங்கின் மேடை வெறும் சிமெண்ட். முட்டியைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து முழுப் பாதத்தால் தட்டும் ஆட்டத்துக்குச் சிமெண்ட் தரை எமன். அடி தரைக்குள் போகாமல் கணுக்காலுக்கும் முட்டிக்கும் திரும்பி வரும். அடியில் சட்டம் வைத்து மேலே பலகை போட்டால் தரை கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே அத்தை பல கமிட்டிகளில் கெட்ட பெயர் வாங்கினார். அவர் முட்டி போனதும் அப்படி ஒரு தரையில்தான். இரவு பதினொரு மணிவரை ஆணி அடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி நீங்களே இரண்டு குதி குதித்துப் பார்த்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

ஒளியமைப்பு அண்ணனுக்கு. அத்தையின் பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த விளக்குக் குறிப்புத் தாளை வைத்தே அன்று ஆடிய வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படிக்கு ஒளி தந்தீர்கள். முழுக்கப் பென்சில் எழுத்து. ஒத்திகையில் எதுவும் மாறும், அதனால் பேனா கூடாது என்பது அத்தையின் சட்டம். மூன்று இடத்தில் அழித்து எழுதியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ‘இங்கே அவசரப்படாதே’ என்று அடிக்கோடு. அது விளக்குப் போடுபவருக்கா, தனக்கேவா என்று நாம் பேசிக்கொண்டோம். அரை மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்த வர்ணத்தில் நீங்கள் அந்த இடத்தில் உண்மையிலேயே அவசரப்படவில்லை. ஆடிய பெண் பிறகு அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

ஒலிநாடா, வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தந்த தம்பிக்கு என்ன சொல்வது! ஒரு மணி நேர கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓடியே தீர வேண்டும், குறுக்கு வழி கிடையாது. பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே போட்டால் நாடாவும் போகும், கருவியும் கெடும் என்று ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுத்தான் தொட்டாய். அதில் ஒரு நாடகப் பதிவு. நாயகி நடுமேடையில் பேசுகிறாள். பக்கத் திரையின் இடுக்கில், பாதி இருட்டில், அத்தை. அந்த வசனம் முழுவதையும் அவர் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் அதை ஐந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டோம்.

கணக்கர் மாமாவுக்கு. ஆடியதையும் நடித்ததையும் ஊர் பார்த்தது. அலுவலக மேசையில் போன வருஷங்களை நீங்கள்தான் பார்த்தீர்கள். அத்தையின் கணக்குப் பேரேடுகளை நீங்கள் எங்களுக்குப் படித்துக் காட்டிய அந்த ஒரு மதியத்தில் எனக்குத் தெரியாத அத்தையைச் சந்தித்தேன். வாக்களித்த மானியம் ஓர் இடத்திலிருந்து இரண்டு வருஷம் வரவில்லை. ஆனால் பக்கவாத்தியக்காரர் ஒருவருக்கும் பாக்கி இல்லை. எப்படி என்று கேட்டதற்கு, அடகுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தீர்கள். மேடையை விட்டு இறங்குவதற்குள் சம்பள உறை கைக்குப் போய்விட வேண்டும் என்பார். அப்புறம்தான் பாராட்டு எல்லாம்.

தேதியை மாற்றச் சொன்னவர்கள் விட்டுக்கொடுத்ததற்கும் நன்றி. மார்ச் 27 உலக நாடக நாள், 1962 முதல். ஏப்ரல் 29 உலக நடன நாள், 1982 முதல். நொவேர் என்ற பிரெஞ்சு நடனக்காரர் 1727இல் பிறந்த தேதி அது. இரண்டுக்கும் நடுவில் வரும் நாட்களை அத்தை ‘என் சொந்த மாதம்’ என்பார். அதற்குள் ஒரு நாள் வேண்டும் என்று அடம்பிடித்தேன். சரி, அடம் மட்டும் அவரிடமிருந்து வந்திருக்கிறது.

கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், வந்துபோன உறவுகள், பாடியவர்கள், பேசியவர்கள், பேச அழைத்தும் மூன்றே நிமிடத்தில் முடித்த தலைமை விருந்தினர், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் திட்டிவிடுங்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெட்டியின் அடியில் துணி சுற்றிய ஒரு தட்டுக்கழி, அதாவது ஆட்டத்துக்குத் தாளம் தட்டும் கோல், கிடைத்தது. ‘இரவல். திருப்பித் தர வேண்டும்’ என்று அத்தையின் கையெழுத்தில் சீட்டு. யாருடையது என்று எழுதவில்லை. நுனியில் பித்தளைப் பூண், பிடியருகில் ஒரு சின்னக் கீறல். உங்களுடையதாக இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
அவருடைய அண்ணன் மகள்