திங்கள்கிழமை கொலம்பஸ் தினச் சந்திப்பு

அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கள் கொலம்பஸ் தினம், அமெரிக்காவில் மத்திய அரசு விடுமுறை. மாலை 4 மணிக்குப் பிள்ளைகளோடு பூங்காவுக்கு வந்துடுங்க.

1492 ஆகஸ்ட் 3 அன்று ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்கள் கிளம்பிய கதையைச் சொல்லப் போறோம். என் மனசை விட்டுப் போகாதது அக்டோபர் 12 பின்னிரவுதான். பின்டா கப்பலில் காவலிருந்த ரோட்ரிகோ என்ற மாலுமி, நிலா வெளிச்சத்தில் கரையைக் கண்டு கூவுகிறார். முதலில் நிலத்தைக் காண்பவருக்கு வருஷா வருஷம் 10,000 மரவேதி காசு என்று அறிவித்திருந்தார்கள். அது அவருக்குக் கிடைக்கலை. சில மணி நேரம் முன்பே தான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொல்லி, கொலம்பஸே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கரை இன்றைய பஹாமாஸ் தீவுகளில் ஒன்று. அங்கே வாழ்ந்தவர்கள் டைனோ என்ற பூர்வகுடி மக்கள். தங்கள் தீவை குவானஹானி என்று அழைத்தார்கள். அடிமைத்தனமும் அம்மையும் சில பத்தாண்டுகளில் அவர்களைப் பெருமளவு அழித்த கொடுமையையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லணும். பல மாநிலங்கள் இதே நாளைப் பூர்வகுடிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். புயலைக் குறிக்கும் ‘ஹரிக்கேன்’ என்ற சொல்லே டைனோ மொழியிலிருந்து வந்தது!

பெரிய வரைபடம் நான் கொண்டு வரேன். உட்கார ஜமுக்காளம் எடுத்து வாங்க. வருகிறவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கே சொல்லிடுங்க, சுண்டலுக்கு அளவு தெரியணும்.