பள்ளிச் சாப்பாட்டுக்குக் கைரேகை: மறுக்கவும் உரிமை இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கே பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குக் காசு எடுத்துப்போவதே இல்லை, மிஷினில் விரலை வைத்தால் கணக்கில் கழிந்துவிடும் என்று வியந்து எழுதியிருந்தார்கள். நான் கிழக்கு லண்டனில் ஒரு செகண்டரி ஸ்கூல் கேன்டீனில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். சில நாள் பரிமாறுவேன், சில நாள் கல்லாவில் உட்காருவேன். அந்த மிஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் என்பதால், கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. விரலைத் தர மாட்டேன் என்று சொல்ல பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது, பிள்ளைக்கும் இருக்கிறது. நம் ஆட்களில் நிறையப் பேருக்கு அது தெரியாது. சமீபம் வரை எனக்கும் தெரியாது.

முதலில் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மணி அடித்ததும் வரிசை கதவைத் தாண்டி வெளியே போய்விடும். பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து ஒரு சின்னக் கண்ணாடியில் விரலை வைக்கும். என் திரையில் பெயர், போட்டோ, கணக்கில் எவ்வளவு மிச்சம், வேர்க்கடலை ஆகாதா, பால் ஆகாதா என்பதெல்லாம் வரும். நான் சாப்பாட்டை அழுத்தினால் காசு கழியும். பணத்தை வீட்டிலிருந்தே பெற்றோர் போனில் போட்டுவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் வரிசையிலேயே ஒரு சிப்ஸைத் தின்றுவிட்டு எண்ணெய் விரலோடு வருவார்கள். ஜனவரி மாதத்தில் மைதானத்திலிருந்து விறைத்துப்போன கையோடு வருவார்கள். பிளேசரில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைப்பார்கள், மிஷின் சிவப்பு விளக்கு காட்டும். கையில் எக்ஸிமா உள்ள ஒரு பெண் இருக்கிறாள். தோல் உரிந்திருக்கும் வாரங்களில் அவள் விரலை மிஷின் ஏற்கவே ஏற்காது. பின்னால் இருநூறு பேர் நிற்க, அந்தப் பிள்ளை முகம் சிவந்து நிற்கும். நான் பெயரைத் தட்டித் தேடிச் சாப்பாட்டைக் கொடுத்து அனுப்புவேன்.

இதில் நல்லது இல்லை என்று சொல்லமாட்டேன். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே இலவசச் சாப்பாடு உண்டு. சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கு வெட்கப்பட்டே சாப்பிடாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. கணக்கில் பதிவாகும்போது யார் காசு கட்டினார்கள், யாருக்கு இலவசம் என்று வரிசையில் நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. அதற்காகவே இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் இதே வசதியை ஒரு கார்டும் தரும், நான்கு இலக்கப் பின் நம்பரும் தரும். அதற்கு விரல் தேவையில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2000-களின் தொடக்கத்திலிருந்தே இங்கே பள்ளி நூலகங்களிலும் அப்புறம் கேன்டீன்களிலும் கைரேகை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பல இடங்களில் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியுரிமைக்காகக் குரல் கொடுக்கும் பிக் பிரதர் வாட்ச் என்ற அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, 2012-13 கல்வியாண்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ரேகை எடுக்கப்பட்டிருந்தது. அதற்குள் புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் ஆக்ட் என்ற 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. பள்ளிகளைப் பற்றிய அதன் பிரிவுகள் 2013 செப்டம்பர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் ரேகையை எடுப்பதற்கு முன் பள்ளி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பெற்றோராவது எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அப்பா சம்மதித்து அம்மா எழுத்தில் மறுத்தால், எடுக்கக் கூடாது. பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. பிள்ளை எழுதிக்கூடத் தர வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும். மறுத்த பிள்ளைக்கு வேறு வழி செய்து தருவது பள்ளியின் கடமை.

இது என் வீட்டிலேயே நடந்தது. லண்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் 2023 செப்டம்பரிலிருந்து மதியச் சாப்பாடு இலவசம். அதனால் பதினோரு வயதில் பெரிய பள்ளிக்குப் போகும்போதுதான் பலருக்கு இந்தக் கைரேகைச் சம்மதத் தாள் முதல்முறையாகக் கைக்கு வருகிறது. என் மகனுக்கும் அப்படித்தான் வந்தது. யூனிஃபார்ம் பட்டியல், பஸ் பாஸ், போட்டோ எடுக்க அனுமதி, ஊசி போட அனுமதி என்று ஒரு கட்டு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். நடுவில் இருந்த கைரேகைத் தாளையும் அதே வேகத்தில் போட்டேன். செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, “அம்மா, என் விரலை எதுக்கு எடுக்கறாங்க? போலீஸ்லதானே எடுப்பாங்க? நான் குடுக்கல” என்றான். நான் கோபப்பட்டேன். கையெழுத்துப் போட்டாச்சு, நாளைக்குப் போய் ஒழுங்காகக் கொடு என்றேன். இத்தனைக்கும் தினமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விரலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். அவன் கேட்டதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

அவன் பிடிவாதமாக இருந்தான். அவன் படிக்கும் பள்ளி வேறு, நான் வேலை பார்க்கும் பள்ளி வேறு. அங்கே அவனை வற்புறுத்தவில்லை, உண்மைதான். ஆனால் தினமும் இடைவேளையில் ஆபீஸுக்குப் போய் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டோடு வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். அவன் முறை வரும்போது சூடான சாப்பாடு தீர்ந்துபோய், வேகவைத்த உருளைக்கிழங்குதான் இருக்கும். கூட இருந்தவர்கள் சாப்பிட்டு முடித்து விளையாடப் போயிருப்பார்கள். மூன்றாவது வாரம், “சரிம்மா, நான் விரலைக் குடுத்துடறேன்” என்றான். அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து அரசாங்கத்தின் வழிகாட்டியைத் தேடிப் படித்தேன். மறுத்த பிள்ளை அதனால் எந்த வகையிலும் பின்தங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். யாரும் சண்டை போடவில்லை. இரண்டு வாரத்தில் பின் நம்பர் வந்தது. ஆனால் இதைக் கேட்டுப் போக ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டியிருக்கிறது, வேலைக்கு அரை நாள் லீவு போட முடிய வேண்டியிருக்கிறது.

போலந்தில் கிடான்ஸ்க் நகரத்துப் பள்ளி ஒன்றிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. சாப்பாட்டுக்குக் கைரேகை கேட்ட அந்தப் பள்ளியில், விரல் தராத பிள்ளைகள் மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போகும்வரை காத்திருக்க வேண்டும் என்று விதி. 2020-ல் அந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 20,000 ஸ்லாட்டி அபராதம் போட்டது. பிறகு வார்சா நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்துவிட்டது. அதைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நின்ற பிள்ளையின் அம்மாவாக அந்தத் தீர்ப்பு எனக்கு வருத்தம்தான்.

இங்கே இப்போது விரலிலிருந்து முகத்துக்குப் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் நார்த் ஏர்ஷயர் பகுதியில் 2021 அக்டோபரில் ஒன்பது பள்ளிகளின் கேன்டீனில் முகத்தைப் பார்த்துக் காசு கழிக்கும் கேமரா வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். எஸெக்ஸில் செல்மர் வேலி உயர்நிலைப் பள்ளி, முதலில் கைரேகை வைத்திருந்து, 2023 மார்ச்சில் முகத்துக்கு மாறியது. சுமார் 1,200 பிள்ளைகள் படிக்கும் பள்ளி. வேண்டாம் என்றால் மட்டும் சீட்டைத் திருப்பி அனுப்புங்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் போனது. பதில் வராததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அது சம்மதம் ஆகாது என்று, தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 ஜூலையில் பள்ளியைக் கண்டித்தது. பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை அப்புறம் பார்க்கலாம் என்று டிராயரில் போடும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே அந்த டிராயரைத் திறந்து பாருங்கள்.

“ரேகைதானே, என்ன ஆகிவிடும்?” என்று என் தோழிகள் கேட்கிறார்கள். மிஷின் விரலின் படத்தை வைத்துக்கொள்வதில்லை, ரேகை முடியும் இடம், பிரியும் இடம் என்று சில புள்ளிகளை எண்களாக்கித்தான் சேமிக்கிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அந்த எண்களிலிருந்தே பெரிதும் ஒத்துப்போகும் ரேகையைத் திரும்ப உருவாக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் முன்பே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் 2015-ல் மத்திய அரசு ஊழியர்களின் ஆவணங்கள் திருடுபோனபோது 56 லட்சம் பேரின் கைரேகைகளும் சேர்ந்து போயின. அவ்வளவு பெரிய அரசாங்கத்தின் கம்ப்யூட்டரிலேயே அப்படி என்றால், ஒரு பள்ளி கேன்டீனின் கம்ப்யூட்டரைப் பற்றி நான் கவலைப்படுவதில் தப்பில்லை. பின் நம்பர் திருடுபோனால் என் மகனுக்கு அன்று மதியமே வேறு நம்பர் கொடுத்துவிடலாம். அவனுக்கு இப்போதுதான் பன்னிரண்டு வயது. இந்தப் பத்து விரலோடுதான் அவன் இன்னும் அறுபது எழுபது வருடம் இருக்க வேண்டும்.

ஊரில் என் அம்மாவுக்குக் கைரேகையே இல்லை என்று சொல்லலாம். கும்பகோணம் பக்கம் நாற்பது வருடம் நாற்று நட்டுக் களை பறித்த கை. ரேஷன் கடையில் மிஷின் வந்த பிறகு, “பாட்டி, ரேகை விழல, நல்லா தொடச்சிட்டு வைங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பாளாம். என் கல்லாவில் அந்த எக்ஸிமா பெண் நிற்கும்போதெல்லாம் அம்மாவின் நினைப்புத்தான் வரும். அதற்கு முன்பே, 2017-ல் மத்திய அரசு பள்ளி மதிய உணவுக்கும் ஆதாரைக் கேட்டபோது, பிள்ளைகளின் தட்டுக்கு முன்னால் கைரேகை மிஷின் வந்துவிடுமோ என்று அம்மா பயந்தாள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் அரசின் பலன்களை மறுக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் எனக்கும் மனசு ஆறியது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழை இங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வாங்குகின்றன. ஜூலையில் பெரிய பள்ளிகளின் காகிதக் கட்டு வருவதற்கு முன், இந்தச் சட்டம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன உரிமை தருகிறது என்று எளிய தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். “கார்டு அல்லது பின் நம்பர் கொடுங்கள்” என்று பள்ளிக்கு எழுத ஒரு மாதிரிக் கடிதமும் பக்கத்தில் இருந்தால், வெட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

வேலை பார்க்கும் இடம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.