வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் பத்திரிகையில் வெள்ளப் படங்கள் வரத் தொடங்கிவிடும். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் சிரித்து விளையாடும் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் வழியே பரவும் ஒரு நோயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 5 விடியற்காலை பினாங்கில் தண்ணீர் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். ஜாலான் பி.ரம்லி பக்கம் எங்கள் வீட்டில் சாமி மேடை வரைக்கும் தண்ணீர். வடிந்ததும் சேற்றை அள்ளப் பட்டர்வொர்த்திலிருந்து அண்ணன் வந்தார். இரண்டு நாளும் ஜப்பான் சிலிப்பரோடுதான் வேலை செய்தார். குதிகாலில் அவருக்கு எப்போதும் பித்தவெடிப்பு உண்டு. லோங்காங் (சாக்கடை) ஓரம் செத்துக் கிடந்த இரண்டு எலிகளை மண்வெட்டியால் தள்ளிவிட்டு, அதே கையோடு வந்து தேத்தண்ணீர் குடித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகிற வலி. கிளினிக்கில் டெங்கிக்குச் சோதித்தார்கள். டெங்கி இல்லை என்றதும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீரும் சரியாகப் போகவில்லை. மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஓர் இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வெள்ளத் தண்ணீரில் இறங்கினாரா?" என்பதுதான். அண்ணி அழுதுகொண்டே தலையாட்டினார். கிளினிக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது. மூன்று முறை டயாலிசிஸ் செய்து, 24 நாள் கழித்து வீடு திரும்பினார்.

மலாய்க்காரர்கள் கென்சிங் தீக்குஸ், அதாவது எலிச் சிறுநீர், என்று சொல்லும் நோய் இது. லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலி நன்றாகவே ஓடித் திரியும், ஆனால் அதன் சிறுநீரில் கிருமி மாதக்கணக்கில் வெளியாகும். காய்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியே உடம்புக்குள் போய்விடும். எலிச் சிறுநீர் பட்டிருக்கும், தகர டின்னில் வாய் வைத்துக் குடிக்காதே என்று வாட்சாப்பில் அனுப்புகிறவர்கள் இந்தச் சேற்றைப் பற்றியும் அனுப்பலாமே!

2010 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் இந்நோயைக் கண்டால் டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தே ஆக வேண்டும். தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற பழைய மருந்துகளே கேட்கும். சிறுநீரகம் வரை போக விட்டால்தான் இத்தனை பாடு.

ஆசிரியர் அவர்களே, வெள்ளச் செய்தி வரும் நாள்களில் நிவாரண மையங்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே நான்கு வரி போடுங்கள். சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடச் சொல்லுங்கள். புண் இருந்தால் மூடச் சொல்லுங்கள். வீட்டைப் பிளீச் கலந்து கழுவச் சொல்லுங்கள். அப்புறம், ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் வெள்ளத்தில் நின்றதைத் தாங்களே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். என் அம்மாவுக்கு வேறு மொழி படிக்கத் தெரியாது. காலையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு