யார்க்ஷயர் வேலியும் யெதர் என்னும் சொல்லும்

அன்புள்ள அப்புச்சிக்கு,

பேரன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் நலத்தையும் அம்மாயியின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். வேலை குறையின்றிப் போகிறது, குளிரும் பழகிவிட்டது. சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது, இந்த ஊரில் வயல்காட்டுக்கு வேலி எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய செய்தி என்பதால், அந்த வேலியோடு சேர்ந்த யெதர் என்ற சொல்லையும் சேர்த்துக் கடிதமாகவே எழுதுகிறேன்.

மாடு பார்க்கவும் ஆடு பார்க்கவும் இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயர்ப் பண்ணைகளுக்குப் போய்வருகிற எனக்கு, இங்கே மனத்தில் முதலில் பதிந்தது வேலிதான். மேட்டு நிலங்களில் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பள்ளத்தாக்குகளிலோ பெரும்பாலும் உயிர்வேலி. ஹாதார்ன் என்னும் முள்மரம்தான் அதில் மிகுதி. பொது நிலங்களைச் சட்டம் இயற்றித் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்த பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நட்டவை பல. அவற்றைவிட மிகப் பழையனவும் உண்டு.

நாம் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டுக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைக் காப்பது போலத்தான் இதுவும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஹாதார்னை அப்படியே விட்டால் மரமாக உயர்ந்துவிடும். அடிப்பகுதியில் இலை நீங்கி, ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்குச் சந்து விழும். ஆகவே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த மரங்களைப் படுக்க வைக்கிறார்கள். படுக்க வைப்பது என்றால் வெட்டிச் சாய்ப்பது அன்று. தரையோடு ஒட்டிய இடத்தில் அரிவாளைச் சாய்வாகப் பாய்ச்சி, தண்டின் பெரும்பகுதியை அறுத்து, பட்டையும் அதையொட்டிய மெல்லிய மரச்சதையும் ஒரு நாடாவைப் போல எஞ்சும்போது நிறுத்தி, ஏழெட்டு அடி உயரமுள்ள அந்தத் தண்டை மெதுவாகச் சரித்து, ஏற்றம் உள்ள பக்கம் நோக்கிக் கிடத்துகிறார்கள். அந்த நாடா வழியாகவே நீர் ஏறி, கிடக்கிற தண்டு அடுத்த வசந்தத்தில் தழைக்கிறது. அடிக்கட்டையிலிருந்தும் புதுக்கொழுந்துகள் செங்குத்தாகக் கிளம்பி வேலியை அடைக்கின்றன. இரண்டு நூல் ஆழம் கூடினால் தண்டு செத்துவிடும், குறைந்தால் வளையாமல் பிளந்துவிடும் என்று பக்கத்துப் பண்ணைப் பெரியவர் எனக்குக் காட்டினார். எழுபது வயதைக் கடந்த அவர் ஒரு வெட்டைக்கூட இருமுறை போடவில்லை. அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அப்புச்சி.

இலையுதிர்ந்த பிறகுதான் இந்த வேலை நடக்கும். மார்ச் முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், வேலியை வெட்டக் கூடாது என்று 2024ஆம் ஆண்டு வந்த விதிகள் சொல்கின்றன. எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது.

இனி யெதர் என்ற சொல்லுக்கு வருகிறேன். சாய்த்த தண்டுகள் காற்றில் எழாமல் இருக்க, இடைவெளி விட்டு முளைகளை அடித்து, அந்த முளைகளின் தலைப்பகுதியில், வளையக்கூடிய நீண்ட மிளாறுகளைப் பின்னிக்கொண்டே போவது பழைய வழக்கம். பெரும்பாலும் ஹேசல் மரத்தின் இளம் மிளாறுகள்தாம் இதற்கு உதவும். நம் ஊரில் வேலியின் குறுக்கே வைக்கும் வரிச்சைக் கட்ட நார் வேண்டும். இங்கே ஒரு மிளாறே மற்றொன்றை இறுக்கிக்கொள்வதால் நாரும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். அந்த மிளாற்றுக்குத்தான் வட இங்கிலாந்தில் யெதர் என்று பெயர். சில ஊர்களில் யெடர் என்பார்கள். வேலி, அடைப்பு என்ற பொருளுடைய மிகப் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அது. நாட்டின் நடுப்பகுதியில் இந்த முறை இன்றும் இருக்கிறது. ஹெதர் என்ற வடிவில் சொல்லும் இருக்கிறது.

யார்க்ஷயரிலோ இன்று அறுத்த மரத்தால் முளை அடித்து, மேலே ஒரு மரச்சட்டத்தை ஆணியால் அறைந்துவிடுகிறார்கள். அது உறுதியானது, விரைவாக முடிவது, குறை சொல்வதற்கில்லை. என்றாலும் மிளாறு போனதால்தான் அதன் பெயரும் வாயிலிருந்து போயிற்று என்று நான் எண்ணுகிறேன். பெரியவருக்கு அந்தச் சொல் தெரியும். அவருடைய மகனுக்குத் தெரியவில்லை.

இங்கே பிராட்ஃபோர்டு நகரின் அருகில் 1855ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் ரைட் என்பவர், சிறுவயதில் ஆலையில் வேலை செய்து, பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, ஆங்கில வட்டார வழக்குகளுக்கு ஆறு தொகுதிகளில் ஓர் அகராதி கொண்டுவந்தார். 1898 முதல் 1905 வரை வெளிவந்த அந்த அகராதியில் இத்தகைய உழவர் சொற்கள் ஆயிரக்கணக்கில் காக்கப்பட்டுள்ளன. அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு.

ஆனால் யெதர் அகராதியில் மட்டும் தங்கிவிடவில்லை. விட்பி என்ற துறைமுக ஊரில், இயேசு விண்ணேறிய திருநாளுக்கு முந்தைய நாள் காலையில், எஸ்க் ஆற்றின் கரைச்சேற்றில் ஒரு சிறு வேலியை ஆண்டுதோறும் நடுகிறார்கள். பென்னி வேலி என்று அதற்குப் பெயர். 1159ஆம் ஆண்டு, காட்டுப்பன்றியை விரட்டி வந்த மூன்று பேர், அதற்குப் புகலிடம் கொடுத்த துறவி ஒருவரை அடித்துவிட, உயிர் பிரியும் தறுவாயில் அவர் அவர்களை மன்னித்து, கழுவாயாக இந்த வேலியை ஆண்டுதோறும் கட்டச் சொன்னார் என்பது கதை. ஒரு பென்னிக் காசு விலையுள்ள கத்தியால் கொம்புகளை வெட்டிக் கொண்டுவர வேண்டும். கட்டிய வேலி மூன்று ஓதங்களைத் தாங்கி நிற்க வேண்டும். தவறினால் அவர்களுடைய நிலம் விட்பியில் இருந்த துறவியர் மடத்துக்குச் சேர்ந்துவிடும். கதையைவிட, குடியானவர்கள் மடத்துக்கு வேலி கட்டித் தர வேண்டிய பழைய கடமையின் எச்சம் இது என்பதே நம்பத் தக்கதாக எனக்குத் தோன்றுகிறது. மடத்தை 1539ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் கலைத்துவிட்டார்கள். வேலி நடும் வழக்கம் மட்டும் நின்றுபோகவில்லை.

இவ்வாண்டு நானும் போய்ப் பார்த்தேன். முழங்கால்வரை காலணி அணிந்தவர்கள் சேற்றில் இறங்கி, முளைகளை அடித்து, முட்டுக்கழிகளைச் சாய்வாக ஊன்றி, மிளாறுகளை முன்னும் பின்னுமாக இழுத்துப் பின்னினார்கள். முடிந்ததும் கொம்பு ஊதி, துறவியைக் கொன்றவர்களைப் பழித்து மூன்று முறை உரக்கக் கூவினார்கள். எனக்கு அருகில் நின்ற பெண்மணி ஒருவர், பின்னிய மிளாற்றைச் சுட்டித் தம் சிறுமகளிடம் யெதர் என்று சொல்லிக்கொடுத்தார். வயலில் தேடிக் கிடைக்காத சொல்லைத் துறைமுகச் சேற்றில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

வருகிற பனிக்காலத்தில் பெரியவர் ஓடைக்கரை வேலியைப் படுக்க வைக்கப் போகிறார். அங்கே மட்டும் மரச்சட்டம் அறையாமல் ஹேசல் மிளாறு பின்னலாம் என்று நான் கேட்டதற்கு, மிளாறுகளை நீயே வெட்டி வருவதானால் சரி என்றார். ஒப்புக்கொண்டிருக்கிறேன். நம் தெற்குக் காட்டுக் கிளுவை வேலியில் வரிச்சு கட்டுகிற ஆள் இப்போது யார், அவரிடம் யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அம்மாயி மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் பேரன்